காண்டாக்ட் லென்ஸ் சீட்டைப் புதுப்பிக்க வருகிறவர்களுக்கு

"பவர் மாறவே இல்லை, நன்றாகத்தான் தெரிகிறது. பழைய சீட்டில் தேதியை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துவிடுங்களேன்."

கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் சீட்டு எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கும் என்னிடம் இந்த வேண்டுகோள் வராத வாரம் இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலோர் சொல்வது உண்மைதான். அளந்து பார்த்தால் பவர் கால் எண்கூட நகர்ந்திருக்காது. ஆனாலும் மாற்றிக் கொடுக்க மாட்டேன். சீட்டில் உள்ள அந்தத் தேதியைப் பவருக்காகப் போட்டோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். லென்ஸுக்கு அடியில் இருக்கும் கண்ணுக்காகப் போட்ட தேதி அது.

கண்ணாடி மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கண்ணைத் தொடுவதில்லை. பெரியவர்களுக்குப் பவர் கொஞ்சம் பிசகினால் தலை வலிக்கும், எழுத்து மங்கும், அவ்வளவுதான். லென்ஸ் கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளிபுகும் படலத்தின், மேலேயே, கண்ணீர்ப் படலத்தில் மிதந்தபடி நாளெல்லாம் கிடக்கிறது. கருவிழியில் ரத்தக் குழாய்கள் கிடையாது. ஒளி தடையில்லாமல் உள்ளே போக வேண்டிய இடம் என்பதால் அப்படி. அதனால் விழித்திருக்கும் நேரத்தில் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பகுதியை அது காற்றிலிருந்து, கண்ணீர் வழியாக, எடுத்துக்கொள்கிறது. அந்த வழியில்தான் லென்ஸை வைக்கிறோம். எந்தப் பொருளால் ஆன லென்ஸ், எவ்வளவு தடிமன், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்துக் கருவிழி சமாளிக்கும், அல்லது திணறும். திணறல் நீடித்தால் வெண்விழியின் ஓரத்திலிருந்து நூலிழை போன்ற ரத்தக் குழாய்கள் கருவிழிக்குள் ஊர்ந்து வரத் தொடங்கும். வலிக்காது. வீட்டுக் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. பார்வைப் பலகையில் கடைசி வரி வரை படிக்கலாம்.

இதில் இன்னொரு சூதும் இருக்கிறது. நீண்ட காலம் லென்ஸ் போட்டவர்களின் கருவிழியில் உணர்ச்சி கொஞ்சம் மழுங்கிப்போகும். மற்றவர்களுக்கு உறுத்துவது அவர்களுக்கு உறுத்தாது. ஆகவே "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்று யாராவது சொன்னால் கேட்டு மகிழ்வேன், ஆனால் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, சீட்டு காலாவதியாகிவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

முதலில், எந்தத் தேதி காலாவதியானது என்று பாருங்கள்

லென்ஸ் போடுகிறவர் மூன்று தேதிகளோடு வாழ்கிறார். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்களே அதிகம்.

பெட்டியிலும் ஒவ்வொரு சின்னக் கிண்ணத்தின் மேல்தாளிலும் அச்சிட்டிருப்பது முதல் தேதி. திறக்காமல் வைத்திருந்தால் எதுவரை லென்ஸ் கிருமியில்லாமல் இருக்கும் என்பதைச் சொல்வது அது. பெரும்பாலும் சில ஆண்டுகள் தள்ளித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறதே" என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. அது மூடியிருக்கும் லென்ஸின் ஆயுள், உங்கள் சீட்டின் ஆயுள் இல்லை.

இரண்டாவது, லென்ஸைத் திறந்த நாளிலிருந்து ஓடுவது. தினசரி லென்ஸ் அன்றோடு சரி. இரு வார லென்ஸும் மாத லென்ஸும் திறந்த நாளிலிருந்து கணக்கு. இடையில் போடாமல் வைத்த நாள்களைக் கழித்துக்கொள்ளக் கூடாது. மாத லென்ஸை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போட்டு மூன்று மாதம் ஓட்டுவது கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போடாத நாளிலும் லென்ஸ் டப்பாவில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவதுதான் சீட்டின் தேதி. லென்ஸ் போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. கருவிழியில் ஏற்கெனவே சிக்கல் உள்ளவர்களுக்கும் இரவிலும் போடும்படி லென்ஸ் கொடுத்தவர்களுக்கும் இன்னும் சீக்கிரமாக வரச் சொல்வோம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2003-இல் ஒரு சட்டமும் அதையொட்டி 2004-இல் ஒரு விதியும் வந்தன. அங்கே சீட்டு குறைந்தது ஓராண்டுக்குச் செல்லும், மருத்துவக் காரணம் எழுதிவைத்தால் மட்டுமே குறைக்கலாம். லென்ஸ் பொருத்தம் முடிந்ததும் நீங்கள் கேட்காமலேயே நகல் தந்தாக வேண்டும். விற்பவர் சீட்டைச் சரிபார்க்கக் கேட்டு, 8 வேலை மணி நேரத்துக்குள் எழுதியவரிடமிருந்து பதில் வராவிட்டால் விற்றுவிடலாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கடைசி ஏற்பாடு எனக்கு உவப்பானதில்லை. அதே நாட்டில் 2005 முதல், பவரே இல்லாத வண்ண லென்ஸுக்கும் சீட்டு வேண்டும். அந்த விதியை மட்டும் உலகம் முழுவதும் கொண்டுவந்தால் நல்லது என்று நினைக்கிறேன். அழகுக்காகப் போடும் லென்ஸும் அதே கருவிழியின் மேல்தான் உட்காருகிறது, பவர் இல்லாததால் எதுவும் மாறிவிடுவதில்லை.

பரிசோதனை வரை என்ன போடுவது?

கண்ணாடி. வேறு பதில் என்னிடம் இல்லை.

"கண்ணாடி இல்லையே" என்பார்கள். லென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு கண்ணாடியே இல்லாமல் இருப்பவர், கண் சிவந்தாலும் லென்ஸைக் கழற்ற முடியாதவர். அவருக்கு லென்ஸ் எழுதும் முன்பே கண்ணாடி எழுத வேண்டும் என்பது என் கட்சி. பழைய பவரில் ஒரு கண்ணாடி இருந்தால்கூட இந்தச் சில நாள்களுக்குப் போதும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் மட்டும் அது போதிய அளவு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யக் கூடாதவை: கைவசம் உள்ள கடைசி ஜோடியை இழுத்துப்பிடித்து ஓட்டுவது, அண்ணனுடைய லென்ஸின் பவரும் இதேதான் என்று வாங்கிப் போடுவது, சீட்டே கேட்காத விற்பனையாளரைத் தேடிப் பிடிப்பது. பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டு, போன முறை பார்த்த இடத்திலேயே நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பில் பழைய பதிவு சுத்தமாக இருந்து, காலாவதியாகி அதிக நாள் ஆகவில்லை என்றால், இடைவெளியைக் கடக்கச் சில சோதனை லென்ஸ்கள் கொடுப்பவர்கள் உண்டு. அது அவரவர் முடிவு. கேட்பதில் தவறில்லை, மறுத்தால் கோபித்துக்கொள்வதுதான் தவறு.

இணையத்தில் திரையைப் பார்த்து எழுத்துகளைப் படித்தால் சீட்டைப் புதுப்பித்துத் தரும் சேவைகளும் வந்துவிட்டன. அவை சோதிப்பது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதை மட்டுமே. நான் மேலே சொன்ன ரத்தக் குழாய் அந்தத் திரைக்குத் தெரியாது.

நாள் குறிக்கும்போது சொல்ல வேண்டியது

"கண் பரிசோதனை" என்று மட்டும் சொன்னால் கண்ணாடிக்கான பரிசோதனைக்கு நேரம் ஒதுக்குவார்கள். "காண்டாக்ட் லென்ஸ் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை. லென்ஸ் பொருத்தம் பார்க்கத் தனி நேரம் ஆகும், பல இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு. கட்டணத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வேறு வகை லென்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிட்டால், சோதனை லென்ஸை வரவழைத்து வைத்திருப்பார்கள்.

வரும்போது லென்ஸ் போட்டுக்கொண்டு வரலாமா? சாஃப்ட் லென்ஸ், கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மூன்று மணி நேரமாவது போட்டிருந்தால் நல்லது. அப்போதுதான் அது கண்ணில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க முடியும். ஆர்.ஜி.பி. எனப்படும் கெட்டி லென்ஸ் போடுகிறவர்கள் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டி லென்ஸ் கருவிழியின் வளைவையே கொஞ்சம் மாற்றிவைத்திருக்கும். கழற்றிய கையோடு அளந்தால் கண்ணாடிக் கணக்கு பொய் சொல்லும். கண் சிவந்திருந்தால் எந்த லென்ஸானாலும் வேண்டாம், கண்ணாடியோடு வாருங்கள்.

கொண்டுவர வேண்டியவை: பழைய சீட்டு, லென்ஸ் பெட்டி அல்லது அதன் படம், இப்போது போடும் கண்ணாடி, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பயன்படுத்தும் கரைசலின் பெயர், லென்ஸ் டப்பா. கடைசிப் பொருளைக் கேட்டால் பலர் சங்கடப்படுவார்கள். டப்பாவைப் பார்த்தாலே பாதி விஷயம் எனக்குப் புரிந்துவிடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

மருந்துப் பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வாமைக்குச் சாப்பிடும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளும் முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் கண்ணை வறட்சியாக்கும். போன ஆண்டு சுகமாக இருந்த லென்ஸ் இந்த ஆண்டு மாலையானால் உறுத்துகிறது என்றால், குற்றவாளி லென்ஸாக இல்லாமல் மாத்திரையாக இருக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் காலத்தில் பவரும் சேர்ந்து ஆடும். அந்த நேரத்தில் அளந்து லென்ஸ் வாங்கினால் சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் லென்ஸ் பொருந்தாமல் போகும். கர்ப்ப காலத்திலும் இப்படிச் சின்ன மாற்றங்கள் வரும்.

உள்ளே என்ன நடக்கிறது

முதலில் கேள்விகள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? போட்டுக்கொண்டே தூங்குவது உண்டா? குளிக்கும்போது, நீந்தும்போது கழற்றுவீர்களா? டப்பாவில் பழைய கரைசலின் மேலேயே புதியதை ஊற்றுவீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தூங்கும்போது போடுவதாகத் தெரிந்தால் நான் தேட வேண்டிய இடங்கள் மாறும், எழுத வேண்டிய லென்ஸும் மாறலாம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் நடந்து 1989-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சாஃப்ட் லென்ஸைப் பகலில் மட்டும் போடுகிறவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் விடாமல் போடும் வகை லென்ஸ் போட்டவர்களில் அது சுமார் 21. தண்ணீரைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் அகாந்தமீபா. குழாய்த் தண்ணீரிலும் நீச்சல் குளத்திலும் வாழும் ஓரணு உயிரி. அதனால் கண்ணில் தொற்று அபூர்வமாகத்தான் வரும். வந்துவிட்டால் மாதக்கணக்கில் சிகிச்சை நடக்கும், பார்வையும் மிஞ்சும் என்று உறுதியில்லை.

பிறகு பார்வைப் பலகை, பவர் அளவு. இது எல்லோருக்கும் பழகியது. லென்ஸ் போட்டபடியே அதன் மேல் பவர் வைத்தும் பார்ப்பேன். இப்போது கண்ணில் இருக்கும் லென்ஸ் எவ்வளவு குறையைத் திருத்தாமல் மிச்சம் வைத்திருக்கிறது என்பது அதில் தெரியும். நாற்பதை நெருங்குகிறவர்கள் கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் படிக்கத் தொடங்கியிருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள். லென்ஸ் போட்டிருப்பதால் வெள்ளெழுத்து வராமல் போய்விடாது. தூரம், பக்கம் இரண்டுக்கும் பவர் உள்ள மல்டிஃபோகல் லென்ஸ், ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் பக்கத்துக்கும் பழக்குவது, லென்ஸின் மேல் படிக்கும் கண்ணாடி என்று வழிகள் இருக்கின்றன. எதையும் ஒரே அமர்வில் முடிவுசெய்ய முடியாது.

அதற்கடுத்து ஸ்லிட் லேம்ப். தாடையையும் நெற்றியையும் வைத்துக்கொண்டு மெல்லிய ஒளிக்கீற்றை நேராகப் பார்க்கச் சொல்வோமே, அந்த நுண்ணோக்கி. பரிசோதனையின் உயிர் இங்கேதான். லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே முதலில் பார்ப்பேன். இமைக்கும்போது அது கொஞ்சம் நகர வேண்டும். அரை மில்லிமீட்டருக்குள்தான், ஆனால் நகர்ந்தே ஆக வேண்டும். அந்த அசைவில்தான் அடியில் உள்ள கண்ணீர் மாறுகிறது, அழுக்கு வெளியேறுகிறது. அசையாமல் இறுக்கமாகப் பிடித்திருக்கும் லென்ஸ் போட்டவருக்கு முதலில் மிகச் சுகமாக இருக்கும். "இந்த லென்ஸ் போட்டதே தெரியவில்லை" என்று மனமாரப் பாராட்டுவார்கள். மாலையில் கழற்றும்போது வெண்விழியில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்கும்.

சிலிண்டர் பவருக்கான, அதாவது கண் எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளையாததால் வரும் மங்கலைத் திருத்தும், டோரிக் லென்ஸ் என்றால், அதில் உள்ள சின்னக் கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்ப்பேன். அது சுழன்று 10 டிகிரி விலகினாலே சிலிண்டர் திருத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீண். 30 டிகிரி விலகினால் சிலிண்டர் லென்ஸ் போட்டும் போடாததற்குச் சமம். "பவர் ஏறிவிட்டது போல, மங்கலாக இருக்கிறது" என்று ஒருவர் வந்தார். அவர் பவர் ஏறவில்லை. விலை குறைவு என்று வேறு நிறுவனத்தின் டோரிக் லென்ஸை அதே எண்களில் வாங்கியிருந்தார், அது அவர் கண்ணில் திரும்பி நின்றது.

அடுத்து லென்ஸைக் கழற்றிவிட்டு ஃப்ளோரசின் சாயம் ஒரு துளி. நீல ஒளியில் பார்த்தால், கருவிழியின் மேல்தோல் உரிந்த இடங்கள் பச்சையாக ஒளிரும். லென்ஸின் ஓரம் உராய்ந்த தடம், வறட்சிப் புள்ளிகள், கரைசல் ஒத்துக்கொள்ளாததால் வரும் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. கண் சிமிட்டாமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்பதும் இந்தச் சாயத்தில் தெரியும். 10 நொடிக்குக் குறைவாக இருந்தால் வறட்சியைச் சந்தேகிப்போம். சாயம் போகும்வரை சாஃப்ட் லென்ஸைத் திரும்பப் போட வேண்டாம், லென்ஸ் மஞ்சளாகிவிடும்.

மேல் இமையைத் திருப்பிப் பார்ப்பதை யாரும் விரும்புவதில்லை. ஒரு நொடி வேலை, பொறுத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் படிந்த புரதமும் அழுக்கும் உராய்ந்து உராய்ந்து இமையின் உட்புறத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கலாம். அரிப்பு, இழைபோன்ற பீளை, லென்ஸ் மேல்நோக்கி இழுபடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அப்படி இருந்தால் சில வாரம் லென்ஸுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு, பெரும்பாலும் தினசரி லென்ஸுக்கு மாற்றிவிடுவேன்.

கருவிழியின் வளைவை அளப்பதும் கண் அழுத்தம் பார்ப்பதும் கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்ப்பதும் மிச்சம். அழுத்தம் கூடி வரும் கிளாக்கோமா பெரும்பாலும் ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் காட்டாது. மைனஸ் 6-க்கு மேல் கிட்டப்பார்வை உள்ளவர்களின் விழித்திரை நீண்டு மெலிந்திருக்கும், கிழிசல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். லென்ஸ் போட்டுத் தெளிவாகத் தெரிவதால் அந்தக் கண் சாதாரணக் கண்ணாகிவிடுவதில்லை. புதிதாகக் கருப்புப் புள்ளிகள் மிதக்கின்றன, ஓரத்தில் மின்னல் போல வெளிச்சம் தெரிகிறது என்றால், சீட்டு புதுப்பிக்கும் நாள்வரை காத்திராமல் உடனே கண் மருத்துவரிடம் போங்கள். விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் நான்கைந்து மணி நேரம் பக்கத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். யாரையாவது துணைக்கு அழைத்து வாருங்கள், அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

சோதனை லென்ஸ்

பழைய லென்ஸே எல்லா விதத்திலும் சரியாக இருந்தால் அன்றே சீட்டு கையில் கிடைத்துவிடும். மாற்றம் இருந்தால் ஒரு ஜோடி கொடுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ போட்டுப் பார்க்கச் சொல்வோம். அந்த நாள்களில் பத்திரமாக நடந்துகொள்ளாதீர்கள். வழக்கமாக எவ்வளவு நேரம் திரை பார்ப்பீர்களோ, எவ்வளவு நேரம் குளிரூட்டிய அறையில் இருப்பீர்களோ, அப்படியே இருங்கள். காலையில் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். மாலை எப்படி இருந்தது என்பதைக் கவனித்து வைத்துக்கொண்டு வாருங்கள். மறு சந்திப்புக்கு அதைச் சில மணி நேரம் போட்ட நிலையில் வர வேண்டும். அதன் பிறகுதான் சீட்டு முடிவாகும். சோதனை லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று மறு சந்திப்புக்கு வராமலே அதன் பெயரில் பெட்டி பெட்டியாக வாங்குகிறவர்கள் உண்டு. நான் கடைசியாகப் பார்க்க வேண்டியதை அவர்கள் பார்க்கவிடுவதில்லை.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்

நகலை வாங்கிக்கொள்ளாமல் வெளியே போகாதீர்கள். வாங்கியதும் அங்கேயே படித்துப் பாருங்கள். ஓ.டி. என்றால் வலக்கண், ஓ.எஸ். என்றால் இடக்கண். ஒவ்வொரு கண்ணுக்கும் பவர், அதன் முன்னால் பிளஸ் அல்லது மைனஸ் குறி, சிலிண்டர் இருந்தால் அதன் அளவும் ஆக்ஸிஸ் எனப்படும் கோணமும், மல்டிஃபோகல் என்றால் கூடுதல் பவர், பேஸ் கர்வ் (லென்ஸின் உட்புற வளைவு), விட்டம், லென்ஸின் பெயர், எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், காலாவதித் தேதி. சாஃப்ட் லென்ஸில் பேஸ் கர்வ் பெரும்பாலும் 8.3-லிருந்து 8.9 மில்லிமீட்டருக்குள்ளும் விட்டம் 14 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கும். உங்கள் சீட்டில் இந்த இரண்டும் லென்ஸின் பெயரும் இல்லை என்றால், உங்கள் கையில் இருப்பது கண்ணாடிச் சீட்டு.

கண்ணாடிச் சீட்டை வைத்து லென்ஸ் வாங்க முடியாது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பவர் 4-க்குள் இருந்தால் வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதில்லை. அதற்கு மேல் போனால் எண்ணே மாறும். கண்ணாடியில் மைனஸ் 6.00 என்றால் லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.50. கண்ணாடியில் பிளஸ் 6.00 என்றால் லென்ஸில் பிளஸ் 6.50. இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் எந்த லென்ஸ் உங்கள் கண்ணில் அசையும், எது இறுகும் என்பது கணக்கில் வராது.

லென்ஸின் பெயரைச் சீட்டில் எழுதுவதை, விற்பனையைப் பிடித்துவைக்கும் தந்திரம் என்று சிலர் சந்தேகிக்கிறார்கள். ஒரே எண் போட்ட இரண்டு நிறுவனங்களின் செருப்பு ஒரே காலில் ஒரே மாதிரி இருப்பதில்லையே, அதே கதைதான். பேஸ் கர்வ் 8.4 என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் பொருளின் விறைப்பும் ஓரத்தின் வடிவமும் வேறு. எவ்வளவு ஆக்ஸிஜன் விடுகிறது என்பதும் வேறு. ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் இதற்கு எல்லை வகுத்தார்கள். ஆக்ஸிஜன் கடத்தும் அளவு (Dk/t என்று குறிப்பது) பகலில் மட்டும் போடும் லென்ஸுக்கு 24-ஆவது வேண்டும், தூக்கத்திலும் போட 87 வேண்டும் என்றார்கள். அன்றைய ஹைட்ரோஜெல் (நீரை ஈர்த்து மென்மையாகும் பிளாஸ்டிக்) லென்ஸ்கள் இரண்டாவது எண்ணை எட்டவே முடியவில்லை. 1990-களின் கடைசியில் சிலிகான் ஹைட்ரோஜெல் வந்த பிறகே அது கைகூடியது. பழைய ரக ஹைட்ரோஜெல் லென்ஸ்களும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன, பெட்டி அழகாகத்தான் இருக்கும். ஆகவே மலிவான மாற்று வேண்டும் என்றால் என்னிடமே கேளுங்கள். பொருத்தம் பார்த்து, சீட்டில் எழுதித் தருகிறேன்.

வாங்கும்போது ஓராண்டுக்குத் தேவையானதைவிட அதிகம் வாங்கிக் குவிக்க வேண்டாம். பெட்டி வந்ததும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறிப்பாக இடம் வலம் மாறியிருக்கிறதா என்று. லென்ஸ் டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள், பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள், தண்ணீர் படவே கூடாது. இதையெல்லாம் பெட்டிக்குள் உள்ள தாளிலேயே எழுதியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

தேதி எதையும் பார்க்காமல் வர வேண்டிய நேரம்

சீட்டு நேற்றுத்தான் எழுதியது என்றாலும், கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் தாங்க முடியவில்லை என்றால், லென்ஸைக் கழற்றியும் மங்கல் போகவில்லை என்றால், கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லென்ஸால் வரும் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாகும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடக்கூடியது. லென்ஸைக் கழற்றுங்கள். புதிய ஜோடியைப் போட்டுப் பார்க்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் வேகமாகப் பரவும். கண்ணைக் கட்டிப்போடவும் வேண்டாம். கழற்றிய லென்ஸைத் தூக்கி எறியாமல் டப்பாவோடு எடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அதிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள்.

பழைய பவரில் மிச்சமிருக்கும் லென்ஸ்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். திறக்காத பெட்டி என்றால் வாங்கிய இடத்தில் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் தருவார்கள். பெட்டி பிரித்ததாக இருந்து, உள்ளே உள்ள கிண்ணங்கள் மூடியே இருந்தால், புதிய சீட்டோடு என்னிடம் கொண்டுவாருங்கள். கால் பவர்தான் வித்தியாசம், பொருத்தமும் பழையதே என்றால், அவை தீரும்வரை போடலாமா என்று பார்த்துச் சொல்கிறேன். திறந்து கரைசலில் போட்டு வைத்ததைக் குப்பையில் போடுங்கள். கழுவுதொட்டியிலோ கழிப்பறையிலோ போட வேண்டாம், பிளாஸ்டிக் அது, கரையாது.